ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே வந்த பூஜ்ஜியம்

1. அண்ணாச்சி கேட்ட கேள்வி

“ஆள மாத்தணுமா, மெஷின மாத்தணுமா? சாயங்காலத்துக்குள்ள ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா.”

காசிமேட்டு ஐஸ் ஃபாக்டரி அண்ணாச்சி போனில் வணக்கம்கூடச் சொல்லாமல் இப்படித்தான் ஆரம்பித்தார். அப்போது என் ஒரு கையில் சால்டரிங் அயர்ன், வாயில் பாதி மசால்வடை. வடையை விழுங்கிவிட்டுப் பதில் சொல்வதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். அண்ணாச்சி நல்ல மனிதர்தான். ஆனால் கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அதனால் வந்த வினைதான் இந்தக் கதை முழுவதும்.

நான் ஸ்டெல்லா. வீடு ராயபுரம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஃபாக்டரிகளின் கண்ட்ரோல் போர்டுகளைச் சரி செய்வது என் வேலை. தலை நரைக்கிற அளவுக்கு இதே வேலையில் இருந்தாகிவிட்டது. இப்போது எங்களிடம் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் பொருள்களை எண்ணுகிற ஒரு கவுண்டர் வேண்டுமென்றால் மைக்ரோகண்ட்ரோலரில் நாலு வரி எழுதி, டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் உள்ள ஃபாக்டரிகளில் மனிதர்கள் ரிட்டையர் ஆனாலும் போர்டுகள் ரிட்டையர் ஆவதில்லை. பெயிண்ட் உரிந்த ஒரு பேனலைத் திறந்தால் உள்ளே பழைய ஐ.சி.கள் வரிசையாக உட்கார்ந்து இன்னமும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அசிங்க்ரனஸ் கவுண்டர் என்று பரீட்சைக்குப் படித்ததைப் பரீட்சையோடு தலைமுழுகிவிடாதீர்கள். ஒருநாள் ஒரு மனிதனின் மானம் அதில் மாட்டிக்கொள்ளும்.

சிக்னலைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப்பை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ரோட்டையே பார்க்கிங் என்று நினைத்து நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே புகுந்து புகுந்து போய்ச் சேர்ந்தேன்.

2. கேமராவில் தெரிந்த கை

முதலில் அந்த மெஷின் என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். டேங்கில் உறைந்த ஐஸ் பார்கள் ஒவ்வொன்றாகச் சறுக்கி வந்து, ஒரு சென்சாரைத் தாண்டி, இரும்புப் பேலட்டில் போய் நிற்கும். பதினாறு பார் சேர்ந்ததும் காற்றழுத்தத்தில் ஓடும் ஒரு புஷர் ‘புஸ்’ என்று வந்து பேலட்டை வெளியே தள்ளும். வெளியே வண்டி. வண்டியிலிருந்து போட். அவ்வளவுதான்.

கொஞ்ச நாளாக இந்தப் புஷர் அவசரப்பட ஆரம்பித்திருந்தது. பேலட்டில் இரண்டு பார் இருக்கும்போதே சில சமயம் தள்ளிவிடும். சில சமயம் எட்டு. பாதி பேலட் ரோலரில் ஆடிக்கொண்டு போகும்போது ஐஸ் பார்கள் சரிந்து தரையில் விழுந்து சில்லுச் சில்லாகும். கடலுக்குப் போகக் காத்திருக்கும் போட்காரர்கள் வெளியே நின்று கத்துவார்கள். அவர்கள் கத்தினால் எப்படி இருக்கும் என்று காசிமேட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

அண்ணாச்சி என்னை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போய் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார்.

“பாருங்கம்மா. நல்லாப் பாருங்க. புஷர் வாரப்பல்லாம் இவன் கை எங்க நிக்கி?”

பதிவில் பேனல் முன்னால் ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஆபரேட்டர். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, முழங்கால் வலிக்காகப் பச்சைத் துணி கட்டியிருப்பார். பேனலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சை பட்டன் உண்டு. அவசரத்துக்குப் புஷரைக் கையால் இயக்க வைத்தது. பதிவில் புஷர் தவறாக வந்த ஒவ்வொரு தடவையும் ஆரோக்கியத்தின் வலது கை அந்தப் பட்டன் பக்கத்திலேயே இருந்தது. எனக்கே திக்கென்றது.

“வேலை செய்ய வணங்கல. அமுக்கிவிட்டா மெஷின் நிக்கும், இவனுக்கு ஓய்வு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நேத்து எல்லாரையும் கூப்பிட்டு இதப் போட்டுக் காட்டிட்டேன். நாளையில இருந்து இவன் டேங்க் மேல. நீங்க மெஷின்ல கோளாறு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கும் மனசு நிம்மதி.”

டேங்க் மேலே என்றால் நாள் முழுக்க உப்புத்தண்ணீரில் நின்று ஐஸ் கேன்களைத் தூக்குவது. அந்த முழங்காலோடு ஆரோக்கியம் ஒரு வாரம் தாங்கமாட்டார். அதைவிட மோசமான விஷயம் ஒன்று வாசலிலேயே என் காதில் விழுந்திருந்தது. லோடு ஏற்றுகிற ஒருவன் இன்னொருவனிடம் “அமுத்து ஆரோக்கியம் எங்கடா?” என்று கேட்டான். எங்கள் பக்கம் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் அது சாகும்வரை உரியாது. செத்த பிறகு போஸ்டரிலும் போடுவார்கள்.

நான் பேனலுக்குப் போனேன். ஆரோக்கியம் எழுந்து நின்றார்.

“கை ஏன் எப்பவும் பட்டன்கிட்டயே கீது, அண்ணா?”

அவர் விரலால் காட்டினார். பச்சை பட்டனுக்குச் சரியாக மேலே ஒரு சின்ன அந்தோணியார் படம் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் தேய்ந்து, முகம் மட்டும் மிச்சம். முன்பு ஒரு தடவை பார் ஒன்று சறுக்கி ஒருவன் கால்மேல் விழுந்ததாம். அன்றிலிருந்து ஒவ்வொரு பார் இறங்கும்போதும் இவர் படத்தைத் தொட்டு விரலை முத்திக்கொள்வார். பார் ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்தம். கை எப்போதும் அங்கே இருந்ததற்குக் காரணம் அதுதான். கேமரா மேலிருந்து பார்ப்பதால் அதற்குப் படமும் தெரியாது, முத்தமும் தெரியாது. கை மட்டும்தான் தெரியும்.

“இத அண்ணாச்சிகிட்ட சொல்றதுதானே?”

“இன்னாத்துக்கு? கேட்டாதானே சொல்றதுக்கு. கேமராவே எல்லாத்தையும் சொல்ட்ச்சாம்.”

சொல்லிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

3. தொண்ணூற்று மூன்று

நான் மறுபடியும் ஆபீஸ் அறைக்கு வந்து பதிவை முதலிலிருந்து பார்த்தேன். இந்தத் தடவை கையைப் பார்க்கவில்லை. ஐஸ் பாரை எண்ணினேன். புஷர் தவறாக வந்த இடமெல்லாம் இரண்டாவது பார், நான்காவது பார், எட்டாவது பார். மூன்றில் ஒரு தடவைகூட இல்லை. ஐந்தில் இல்லை. ஆறு, பத்து, பன்னிரண்டு எதிலும் இல்லை. இரண்டு, நாலு, எட்டு மட்டும்.

“அண்ணாச்சி, சோம்பேறித்தனமா அமுக்குற மனுஷன் மூணாவது பார்ல ஒரு வாட்டியாவது அமுக்க மாட்டானா?”

“அவனுக்கு ஒத்தப்படை ஆகாது போல” என்றார் அண்ணாச்சி. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

ஆனால் இரண்டு, நாலு, எட்டு என்றதும் எனக்கு உள்ளே மணி அடித்துவிட்டது. பேனலைத் திறந்தேன். நினைத்தது சரி. போர்டின் நடுவில் 7493 என்ற ஐ.சி. நாங்கள் அதைச் செல்லமாகத் தொண்ணூற்று மூன்று என்போம். நான்கு பிட் ரிப்பிள் கவுண்டர், அதாவது அசிங்க்ரனஸ் கவுண்டர்.

அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். உள்ளே நான்கு ஃப்ளிப் ஃப்ளாப். ஒவ்வொன்றும் ஒரு சுவிட்ச் மாதிரி, ஒன்றில் இருக்கும் அல்லது பூஜ்ஜியத்தில் இருக்கும். சென்சாரிலிருந்து வரும் பல்ஸ் முதல் ஃப்ளிப் ஃப்ளாப்புக்கு மட்டும்தான் போகும். ஒரு பார் தாண்டினால் அது ஒன்று ஆகும், அடுத்த பார் தாண்டினால் மறுபடி பூஜ்ஜியம். இரண்டாவது ஃப்ளிப் ஃப்ளாப்புக்கு சென்சார் யாரென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்தான். முதலாமவர் ஒன்றிலிருந்து பூஜ்ஜியத்துக்கு விழும்போது இரண்டாமவர் புரளுவார். இரண்டாமவர் விழும்போது மூன்றாமவர். மூன்றாமவர் விழும்போது நாலாமவர். முதலாமவருக்கு மதிப்பு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, அப்புறம் நாலு, எட்டு. எல்லாம் கூட்டினால் எத்தனை பார் என்று வந்துவிடும். வயரிங் சுலபம், பார்ட்ஸ் குறைவு. அந்தக் காலத்து டிசைனர்கள் இதைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியதற்குக் காரணம் அதுதான்.

சிக்கல் எங்கே என்றால், செய்தி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நகர நேரம் எடுக்கும். மிக மிகக் கொஞ்ச நேரம்தான். நாம் கண் சிமிட்டுவதற்குள் லட்சக்கணக்கான தடவை நடந்து முடிந்துவிடும். ஆனால் நேரம் நேரம்தானே. எண் ஏழாக இருக்கும்போது முதல் மூன்று பேரும் ஒன்றில் இருக்கிறார்கள். எட்டாவது பார் வந்ததும் முதலாமவர் விழுகிறார், இப்போது எண் ஆறு. அதைப் பார்த்து இரண்டாமவர் விழுகிறார், நாலு. அதைப் பார்த்து மூன்றாமவர் விழுகிறார், பூஜ்ஜியம். அப்புறம்தான் நாலாமவர் எழுந்து எட்டு ஆகிறது. ஏழிலிருந்து எட்டுக்குப் போகிற வழியில் கவுண்டர் ஆறு, நாலு, பூஜ்ஜியம் என்று மூன்று பொய் சொல்லிவிட்டுத்தான் உண்மைக்கு வருகிறது.

இந்த மெஷினில் பதினாறாவது பாரோடு கவுண்டர் திரும்பப் பூஜ்ஜியம் ஆகும். நான்கு பேரும் பூஜ்ஜியம் என்றால் கேட் என்கிற ஒரு சின்ன சர்க்யூட் அதைக் கண்டுபிடித்து ‘தள்ளு’ என்று ஒரு லாட்ச்சுக்குச் சொல்லும். லாட்ச் ஒரு தடவை பிடித்தால் விடாது, புஷர் போய் முட்டித் திரும்பும் வரைக்கும் பிடித்தபடியே இருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். வழியில் வருகிற அந்தப் பொய்ப் பூஜ்ஜியத்தை கேட் பார்த்துவிட்டால்?

ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போதும் பொய்ப் பூஜ்ஜியம் வரும். மூன்றிலிருந்து நாலுக்குப் போகும்போதும் வரும். ஏழிலிருந்து எட்டுக்கும் வரும். வேறு எங்கேயும் வராது. காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். அந்த மூன்று இடங்கள்தான் அண்ணாச்சியின் கேமராவிலும் இருந்தன.

4. தட்டினால் குதிக்கும்

சரி, காரணம் தெரிந்துவிட்டது, ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தால், மெஷின் அன்று காலையிலிருந்து உத்தமமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் போர்டைக் கையால் தொட்டதும் இன்னும் உத்தமமாகிவிட்டது. டாக்டர் வாசலுக்குப் போனதும் காய்ச்சல் இறங்குகிற பிள்ளை மாதிரி. சர்வீஸ் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் இந்த அவமானம் பழக்கம்தான்.

எண்ணைக் காட்டும் விளக்குகளைப் பார்த்தால் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று சுத்தமாகப் போகிறது. நடுவில் வருகிற பொய்யை எந்த மனிதக் கண்ணும் பார்க்க முடியாது. கேமராவும் பார்க்க முடியாது. ஸ்கோப்பை மாட்டினேன். கேட்டிலிருந்து வரும் செய்தி லாட்ச்சுக்குள் நுழைகிற இடத்தில், எட்டாவது பார் தாண்டும்போது, திரையில் ஊசி மாதிரி ஒரு முளை எழும்பி மறைந்தது. குட்டை முளை. லாட்ச்சை எழுப்புகிற உயரம் அதற்கில்லை.

ஏன் குட்டை என்று தேடினேன். இந்த போர்டைச் செய்தவர் புத்திசாலி. பொய்ப் பூஜ்ஜியம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை முழுங்கிவிட கேட்டுக்கும் லாட்ச்சுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கெபாசிட்டரும் வைத்திருந்தார். ஆனால் அவர் காசிமேட்டில் இருந்ததில்லை. ஐஸ் ஃபாக்டரியில் அமோனியா, வெளியே கடல் காற்று. செம்பென்றும் இரும்பென்றும் பார்க்காமல் இரண்டும் சேர்ந்து தின்னும். அந்தக் கெபாசிட்டரின் ஒரு கால் பச்சைப் பூத்து, விரிசல் விட்டு, சும்மா தொட்டுக்கொண்டு நின்றது. பெரிய கம்ப்ரஸர் ஓடி பேனல் அதிர்ந்தால் கால் விலகும், பொய்ப் பூஜ்ஜியம் முழு உயரத்துக்கு லாட்ச்சுக்குப் போகும். கம்ப்ரஸர் நின்றால் கால் ஒட்டிக்கொள்ளும். நான் தொட்டபோதும் ஒட்டிக்கொண்டது அதுதான்.

ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் போர்டின் ஓரத்தில் லேசாகத் தட்டினேன். திரையில் முளை ஆளுயரத்துக்கு எழுந்தது. இரண்டாவது பாரிலேயே புஷர் ‘புஸ்’ என்று பாய்ந்தது.

“பாத்தீங்களா அண்ணாச்சி!”

“என்னத்தப் பாக்க? நீங்க தட்டுனீங்க, அது குதிக்கி. தட்டினா எந்த மெஷின்தாம்மா குதிக்காது? அவன் அமுக்குதான், நீங்க தட்டுதீங்க. அவ்வளவுதானே வித்தியாசம்?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. ஊசி முனை அளவுக்கு ஒரு பச்சைக் கோட்டைக் காட்டி, ஒரு மனிதன் பொய் சொல்லவில்லை என்று நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் கண்ணால் பார்த்தது கையை. அதைவிடப் பெரிதாக ஏதாவது காட்டினால்தான் அவர் மாறுவார்.

5. நாலு பேர் வரிசை

வெளியே லோடு ஏற்றுகிறவர்கள் நாலு பேர் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினேன். ஆரோக்கியத்தையும் கூப்பிட்டேன்.

“நா இன்னாத்துக்கு? அமுத்துறவன்தானே நானு. நீங்களே வெளாடுங்க” என்று தூணில் சாய்ந்துகொண்டார்.

நாலு பேருக்கும் விதி சொன்னேன். “எல்லாரும் கைய கீழ வச்சிக்கோங்க. நா கை தட்டும்போதெல்லாம் வலது ஓரத்துல நிக்குறவரு மட்டும் கைய மாத்தணும். கீழ இருந்தா மேல, மேல இருந்தா கீழ. மத்த மூணு பேரும் என்ன பாக்கக் கூடாது. உங்க வலதுபக்கத்து ஆள் மட்டும் பாருங்க. அவரு கை கீழ இறங்குனா நீங்க உங்க கைய மாத்துங்க. அவரு கைய தூக்குனா கண்டுக்காதீங்க. அவ்ளோதான்.”

“அக்கா, இது இன்னா, பள்ளிக்கூடத்துல ஆண்டு வுழாவா?” என்றான் இடது ஓரத்தில் நின்ற முனியன். பெரிய உடம்பு, எதையும் நிதானமாகச் செய்கிற ஆள். அவனை அங்கே நிறுத்தியது தற்செயல்தான் என்று அவர்களிடம் சொன்னேன். உங்களிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணாச்சியை எதிரே ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். “உங்க வேலை ஒண்ணுதான் அண்ணாச்சி. நாலு பேர் கையும் கீழ இருந்தா, உடனே ‘தள்ளு’ன்னு சத்தம் போடணும். யோசிக்கக் கூடாது, பாத்ததும் சொல்லணும். மெஷின் அப்பிடித்தான் செய்யுது.”

“இது ஒரு வேலையா” என்று முனகிக்கொண்டு உட்கார்ந்தார்.

கை தட்டினேன். முதலாமவன் கை தூக்கினான். ஒன்று. மறுபடி தட்டினேன். முதலாமவன் இறக்க, இரண்டாமவன் சட்டென்று தூக்கினான். அண்ணாச்சியின் வாய் லேசாகத் திறந்து மூடியது. மூன்று. நாலு வரும்போது இன்னும் கொஞ்சம் தடுமாற்றம். அண்ணாச்சி ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார். டேங்க் மேலே இருந்தவர்களும் இறங்கிவந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு. மூன்று பேர் கையும் மேலே. முனியன் மட்டும் கை தொங்க நின்றான்.

எட்டாவது தடவை தட்டினேன்.

முதலாமவன் கை இறங்கியது. அதைப் பார்த்து இரண்டாமவன் இறக்கினான். அதைப் பார்த்து மூன்றாமவன் இறக்கினான். முனியன் பக்கத்து ஆளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்து, அவன் கை இறங்கிவிட்டதுதானா என்று உறுதி செய்துகொண்டிருந்தான்.

“தள்ளு!” என்று அண்ணாச்சி கத்தினார்.

முனியன் கை அப்போதுதான் மெதுவாக மேலே போனது.

 பிறகு கூட்டத்திலிருந்து ஒரு குரல், “அண்ணாச்சியே அமுத்திட்டாரு டோய்!” என்றது. ஃபாக்டரியே சிரித்தது. தூணில் சாய்ந்திருந்த ஆரோக்கியத்தின் உதடும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அண்ணாச்சிக்கு மூஞ்சி சிவந்துவிட்டது.

“ஏய், இவன் கை தூக்க நேரமாயிட்டு. அதுக்கு நான் என்ன செய்ய? எல்லாரும் கீழதானே இருந்தாங்க?”

“அதேதான் அண்ணாச்சி. நீங்க தப்பா பாக்கல. இருந்ததத்தான் பாத்தீங்க. ஆனா அவங்க இன்னும் மாறி முடிக்கல. நடுவுல பாத்துட்டீங்க.”

அவர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு வியாபாரிக்கே உரிய கேள்வி வந்தது. “இவனுவ ஐஸ்ல நின்னு கை மரத்துப் போனவனுவ. ஐ.சி.க்கு என்னம்மா சோம்பல்?”

சோம்பல் இல்லை, ஆனால் நேரம் எடுக்கும் என்று சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. நேராகப் பேனலுக்குப் போனேன். கட்டரை எடுத்து, அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்த கெபாசிட்டரின் காலைக் கறுக்கென்று வெட்டிவிட்டேன். கோளாறு வந்து வந்து போனால்தானே சந்தேகம்? நிரந்தரமாக வந்துவிட்டால் யாரும் மறுக்க முடியாது.

“ஆரோக்கியண்ணா, அண்ணாச்சி பக்கத்துல வந்து நில்லுங்க. ரெண்டு பேரும் பேனல விட்டு தள்ளி நில்லுங்க. யாரும் பட்டன் பக்கம் போவாதீங்க. நானும் போர்டத் தொடப் போறதில்ல.”

பார்கள் இறங்க ஆரம்பித்தன. இரண்டாவது பார் சென்சாரைத் தாண்டியதும் புஷர் பாய்ந்தது. நாலாவதில் பாய்ந்தது. எட்டாவதில் பாய்ந்தது. பேனல் முன்னால் காலி ஸ்டூல் மட்டும்தான் இருந்தது. அண்ணாச்சி இன்னொரு சுற்று ஓட்டச் சொன்னார். அதே இரண்டு, நாலு, எட்டு. பக்கத்தில் கைகட்டி நின்ற ஆரோக்கியத்தை ஒரு தடவை பார்த்தார், பச்சை பட்டனை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

நான் புதுக் கெபாசிட்டர் ஒன்றை சால்டர் செய்து, போர்டு முழுக்க வார்னிஷ் பூசி மூடினேன். அடுத்த பேலட் பதினாறு பாரோடு ஒழுங்காகப் போனது. அதற்கடுத்ததும் போனது.

6. ஒரு வார்த்தை

“சரி. மெஷின்தான் கோளாறு. ஆரோக்கியம், போய் உக்காரு” என்றார் அண்ணாச்சி. எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்து ஸ்கோப்பைக் கட்ட ஆரம்பித்தேன்.

ஆரோக்கியம் அசையவில்லை.

“இன்னா சரி?”

“அதான் சொல்லிட்டேன்லா. உன் இடம் உனக்குத்தான்.”

“எடம் கெடக்கட்டும் அண்ணாச்சி. இத்தினி பேரு முன்னால கேமராவப் போட்டுக் காட்னீங்க. என் மூஞ்சிய பாத்து, ‘நீ அமுத்துனியாடா’ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா என்ன சொல்லியிருப்ப? இல்லைன்னுதானே சொல்லியிருப்ப?”

“ஆமா, இல்லன்னுதான் சொல்லியிருப்பேன். ஏன்னா நா அமுத்தல.”

 வெளியே போட்காரன் ஒருவன் ஐஸ் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை. டேங்க் ஆட்கள், லோடு ஆட்கள் எல்லோரும் அங்கேயேதான் நின்றார்கள். முந்தின நாள் கேமராப் பதிவைப் பார்த்ததும் இவர்கள்தான்.

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். குரலை ஏற்றி, டேங்க் வரைக்கும் கேட்கும்படி பேசினார்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நேத்தே கேட்டிருக்கணும், கேக்கல. அது என் தப்பு. இப்பக் கேக்கேன். ஆரோக்கியம், நீ அமுக்குனியா?”

“இல்ல அண்ணாச்சி.”

“சரி” என்றார் அண்ணாச்சி.

அதற்குப் பிறகுதான் ஆரோக்கியம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.  ஸ்கோப்பின் கயிற்றை வேண்டுமென்றே அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

டெக்னிக்கலாகச் சொல்ல வேண்டிய பாடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளி இந்தக் கதையைப் புதுப் பிள்ளைகளுக்காக நோட்டீஸ் போர்டில் போட விடமாட்டார். ரிப்பிள் கவுண்டரின் அவுட்புட்டை நேராக ஒரு லாட்ச்சுக்குக் கொடுக்காதீர்கள். எல்லா பிட்டும் மாறி முடிந்த பிறகு மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு ஸ்ட்ரோப் வையுங்கள். அவ்வளவு அவசரமான இடமென்றால் சிங்க்ரனஸ் கவுண்டர் போடுங்கள். அதில் நாலு பேரும் பக்கத்து ஆளைப் பார்க்க மாட்டார்கள், ஒரே கைத்தட்டலுக்கு ஒன்றாக மாறுவார்கள். கெபாசிட்டரை நம்பி மட்டும் விடாதீர்கள், அதிலும் கடலோரத்தில். பிறகு ஒருநாள் போய் அண்ணாச்சி மெஷினுக்கு நானே ஸ்ட்ரோப் வைத்துக் கொடுத்தேன்.

இன்னொரு பாடம் புத்தகத்தில் கிடையாது. இப்போதெல்லாம் எந்த ஃபாக்டரிக்குப் போனாலும், பேனல் கதவைத் திறப்பதற்கு முன் அதை ஓட்டுகிறவரிடம் போய், என்ன நடந்தது என்று கேட்கிறேன். பாதிப் பேர் உடனே பதில் சொல்வதில்லை. கேள்வி தங்களுக்குத்தானா என்று முதலில் திரும்பிப் பார்க்கிறார்கள்.